குட்டிச்சுவரும் யதார்த்தவாதமும்: மாதிரி ரயில் கட்டடங்களின் செங்கல் வேலை குறித்துச் சில குறிப்புகள்

1

யதார்த்தவாதம் செத்துவிட்டது என்று நம்முடைய சிறுபத்திரிகைகளில் அறிவிக்கப்பட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரங்கல் கூட்டமும் நடந்து முடிந்தாயிற்று. ஆனால் இன்றைக்கும் ஒரு நாவலைப் பாராட்ட வேண்டுமென்றால் 'அப்படியே கண்முன்னால கொண்டாந்து நிறுத்திட்டார்' என்றுதான் சொல்கிறோம். திட்ட வேண்டுமென்றால் 'வெறும் தகவல், வெறும் விவரணை' என்கிறோம். ஒரே குணம் ஒரு இடத்தில் புகழாகவும் இன்னொரு இடத்தில் வசையாகவும் எப்படி ஆகிறது? விவரம் எப்போது உண்மையாகிறது, எப்போது ஒப்பனையாகிறது? இலக்கியத்துக்குள்ளேயே நின்று இதைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் வேறொரு இடத்திலிருந்து, இலக்கியவாதிகள் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு இடத்திலிருந்து, கேட்டுப் பார்க்கிறேன்: பிரிட்டனில் மாதிரி ரயில் அமைப்பவர்கள் தங்கள் குட்டிக் கட்டடங்களுக்குச் செங்கல் சுவர் செய்கிற விதம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நடுத்தர வயது வெள்ளைக்காரர்கள் மேசைமேல் பொம்மை ரயில் ஓட்டுகிற சமாச்சாரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வந்து விழுந்த 'ரயில்வே மாடலர்' இதழ்களைப் புரட்டத் தொடங்கியபோது எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. 1949இலிருந்து வருகிற மாதப் பத்திரிகை அது. எஞ்சின், சிக்னல், தண்டவாளம் எல்லாம் என்னைக் கடந்து போயின. சுவரைப் பற்றி எழுதியிருந்த பக்கங்கள் மட்டும் போகவில்லை. நாம் ஒரு பிரதியை வரிவரியாக வாசிப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் ஒரு சுவரை வரிவரியாக, நிஜமாகவே, வாசிக்கிறார்கள்.

முதலில் கணக்கு. பிரிட்டனில் மிகப் பரவலான அளவுமானத்தில் ஒரு அடிக்கு 4 மி.மீ.; அதாவது நிஜத்தில் 76இல் ஒரு பங்கு. அங்கே இன்றைய நிர்ணய அளவுச் செங்கலின் முகம் 215 மி.மீ. நீளம், 65 மி.மீ. உயரம். குட்டிச் சுவரில் அது 2.8 மி.மீ. நீளமும் 0.85 மி.மீ. உயரமுமாகச் சுருங்குகிறது. இரண்டு கல்லுக்கு நடுவே 10 மி.மீ. கலவை என்றால் இங்கே 0.13 மி.மீ.; நீங்கள் எழுதுகிற தாளின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கல்லை நீளவாக்கில் மட்டுமே வைத்துக் கட்டிய சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 60 கல் தெரியும். அந்த ஒரு சதுர மீட்டர் குட்டிச் சுவரில் 13 மி.மீ.க்கு 13 மி.மீ., அதாவது கட்டைவிரல் நகம். நகத்தளவு இடத்தில் 60 கல். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரத்தில் ஒரு சாதாரண சரக்குக் கொட்டகையைச் செய்ய உட்கார்ந்தால், கதவு ஜன்னலைக் கழித்தாலும், பத்தாயிரம் கல்லை நெருங்குகிறது.

இந்தப் பத்தாயிரம் கல்லை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. இதற்குக் கொடுக்கப்பட்ட பதில்களை வெறும் கைவேலை உத்திகள் என்று நான் பார்க்கவில்லை. யதார்த்தத்தை எப்படிப் பிரதிநிதித்துவம் செய்வது என்பதற்கான வெவ்வேறு கோட்பாடுகள் அவை.

2

முதல் பதில்: அச்சடித்த தாள். செங்கல் படம் அச்சிட்ட தாளை அட்டைமேல் ஒட்டிவிட்டால் சுவர் ரெடி. எட்ட நின்று பார்த்தால் பரவாயில்லை. கிட்டப் போனால் இது சுவர் அல்ல, சுவரின் போட்டோ என்று தெரிந்துவிடும். இரண்டாவது பதில்: மேடுபள்ளமாக அச்சு ஏற்றிய பிளாஸ்டிக் தகடு. ஸ்லேட்டர்ஸ் போன்ற கம்பெனிகள் விற்பது. வெட்டி ஒட்டி வர்ணம் பூசினால் போதும். ஒளி பட்டால் நிழல் விழும். மூன்றாவது பதில்: கையால் கீறுவது. அட்டைமேல் பசை தடவி, காற்றிலேயே காய்ந்து இறுகுகிற களிமண்ணை மெல்லிய படலமாகத் தேய்த்து, காய்ந்ததும் உப்புத்தாளால் வழவழப்பாக்கி, இரும்பு ஸ்கேல் வைத்து வரி வரியாகக் கோடு கிழித்து, அப்புறம் ஒவ்வொரு கல்லின் செங்குத்து இணைப்பையும் ஒவ்வொன்றாக அழுத்தி எடுப்பது. சூளையைக் கண்ணால் காணாத களிமண்ணில் செங்கல் அறுக்கிறார்கள். இன்றைக்கு லேசர் வெட்டும் முப்பரிமாண அச்சும் வந்துவிட்டன. ஆனால் அந்த எந்திரத்துக்குள் போகிற வரைபடத்தை யார், எதைப் பார்த்து வரைந்தார்கள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

'யதார்த்த விளைவு' பற்றி 1968இல் ரொலான் பார்த் எழுதிய கட்டுரை நம் வாசகர்களுக்குப் பழக்கமானது. ஃப்ளாபரின் கதையில் சுவரில் தொங்கும் காற்றழுத்தமானிக்குக் கதையில் ஒரு வேலையும் கிடையாது; 'நான்தான் நிஜம்' என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. பிளாஸ்டிக் தகட்டின் செங்கலும் அப்படித்தான். அது எந்தக் குறிப்பிட்ட சுவரையும் சொல்வதில்லை. 'செங்கல்தன்மை' என்ற பொதுக் குறியைச் சொல்கிறது. பெரும்பாலான தகடுகளில் கலவைப் பள்ளம் அளவுக்கு மீறி ஆழமாக, அகலமாக இருப்பதும் இதனால்தான். 0.13 மி.மீ. பள்ளம் கண்ணில் படாது. செங்கல் என்று நம்ப வைக்க வேண்டுமானால் செங்கலை மிகைப்படுத்தியாக வேண்டும். நம் கதைகளில் வட்டார வழக்கு படுகிற பாடு இதுதான் இல்லையா? பாத்திரம் தெற்கத்திக்காரர் என்று நம்ப வைக்க வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஏலேய்' போடுவது. நெல்லையில் யாரும் அப்படி நிமிஷத்துக்கு ஒருதரம் 'ஏலேய்' போட்டுப் பேசுவதில்லை. கலவைப் பள்ளம் ஆழமாகிவிட்டது.

வர்ணத்திலும் இதே சிக்கல். புதிதாகச் செய்கிறவர்கள் கல்லுக்கு நல்ல சிவப்பும் கலவைக்கு நல்ல வெள்ளையும் பூசுவார்கள். செங்கல் சிவப்பு, சுண்ணாம்பு வெள்ளை என்பது மனசில் இருக்கிற கருத்து. கண்ணுக்குத் தெரிவது அதல்ல. பத்தடி தள்ளி நின்றால் நிஜச் சுவரில் கல்லும் கலவையும் கலந்து மூன்றாவது ஒரு நிறமாகிவிடுகின்றன. அனுபவசாலிகள் அடிவர்ணம் பூசி, அது காய்ந்ததும் சாம்பலும் மண்ணும் கலந்தாற்போன்ற நீர்த்த வர்ணத்தை மேலே ஓடவிட்டுத் துடைத்தெடுக்கிறார்கள். பள்ளத்தில் மட்டும் அது தங்கிவிடும். பிறகு மெல்லிய தூரிகையால் இங்கொரு கல், அங்கொரு கல் என்று தனித்தனியே தொட்டுக் கொஞ்சம் கருப்பாக, கொஞ்சம் வெளிறியதாக ஆக்குகிறார்கள். ஒரே சூளையில் வெந்த கல்லும் ஒரே நிறமாக வராது. தீக்கு அருகில் இருந்தது ஒரு மாதிரி, தள்ளி இருந்தது ஒரு மாதிரி. 'கல்' என்ற கருத்திலிருந்து 'இந்தக் கல்' என்ற தனித்துவத்துக்குப் போகிற நகர்வு இது. இலக்கியத்தில் இதைப் பாத்திரப் படைப்பு என்கிறோம்.

இங்கே ஒரு வேடிக்கை. இத்தனை நுணுக்கமாகக் கல் கீறுகிற பலருடைய ரயில் ஓடுகிற தண்டவாளம் அளவுப்படி தப்பு. பிரிட்டனில் பெரும்பாலோர் ஓட்டுகிற குட்டித் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அடிக்கு 4 மி.மீ. கணக்கில் அது நிஜத்தில் 4 அடி ஒன்றரை அங்குலம். பிரிட்டனின் நிர்ணய அளவுப் பாதையோ 4 அடி எட்டரை அங்குலம். சரியாகச் செய்தால் 18.83 மி.மீ. வர வேண்டும். அப்படியே செய்து ஓட்டுகிற ஒரு கண்டிப்பான பிரிவினரும் உண்டு. மற்றவர்கள் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார்கள். ஆக, யதார்த்தம் என்பது யாரும் நேரடியாகத் தொட்டுவிடுகிற பொருள் இல்லை. எதைக் கவனிப்பது, எதைக் கவனிக்காதது போல் இருப்பது என்று ஒரு சமூகம் தனக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. எதைக் கவனிக்காமல் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்தால் அந்த யதார்த்தத்தின் அரசியல் தெரிந்துவிடும்.

3

இப்போது மூலைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே மூலையைப் பற்றித்தான்.

செங்கல் சுவர் என்பது ஒரு முகம் அல்ல, அதற்குக் கனம் உண்டு. ஒன்பது இஞ்ச் சுவரில் சில கற்கள் சுவரின் நீளவாக்கில் கிடக்கும், அவற்றின் நீளப்பக்கம் வெளியே தெரியும். சில கற்கள் குறுக்கே, முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துக் கிடக்கும், அவற்றின் தலைப்பக்கம் மட்டும் வெளியே தெரியும். முன்னதை நீட்டுக்கல் என்றும் பின்னதைத் தலைக்கல் என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் நீட்டுக்கல்லும் தலைக்கல்லும் மாறி மாறி வந்தால் அது ஃப்ளெமிஷ் கட்டு. ஒரு வரி முழுக்க நீட்டுக்கல், அடுத்த வரி முழுக்கத் தலைக்கல் என்றால் இங்கிலீஷ் கட்டு. பாலம், தாங்குசுவர் போன்ற பளு தாங்குகிற இடங்களில் ரயில்வே பொறியாளர்கள் அதிகம் நம்பியது இங்கிலீஷ் கட்டைத்தான். நீட்டுக்கல் மட்டுமே தெரிகிற சுவர், உள்ளே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் பரவலான இருபதாம் நூற்றாண்டில்தான் வழக்கமாயிற்று. எனவே விக்டோரியா காலத்து ஸ்டேஷனுக்கு நீட்டுக்கல் மட்டும் அச்சான தகட்டை ஒட்டினால், வர்ணம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அது காலப்பிழை. சங்ககாலத் தலைவி மிளகாய் அரைக்கிற கதை.

சரி, ஃப்ளெமிஷ் கட்டுத் தகட்டையே வாங்கி ஒட்டுகிறோம். இரண்டு தகடுகள் மூலையில் சந்திக்கின்றன. அங்கேதான் குட்டு வெளிப்படுகிறது. நிஜச் சுவரில் மூலைக்கல் ஒன்றே ஒன்று. இந்தப் பக்கம் தன் நீளத்தைக் காட்டுகிற அதே கல் அந்தப் பக்கம் தன் தலையைக் காட்டும். அடுத்த வரியில் இது மாறும். தகட்டிலோ இந்தப் பக்கம் ஒரு கல் பாதியில் அறுபட்டு நிற்கிறது, அந்தப் பக்கம் வேறொரு கல் முக்காலில் அறுபட்டு நிற்கிறது. வரிகள்கூடச் சில சமயம் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இரண்டு முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, கட்டடம் இல்லை.

கொத்தனார் இந்த மூலையை எப்படிச் சமாளிக்கிறார்? மூலையில் தலைக்கல்லை வைத்துவிட்டு அப்படியே தொடர்ந்தால் மேல்வரி இணைப்பும் கீழ்வரி இணைப்பும் ஒரே கோட்டில் விழுந்து சுவர் பிளந்துகொள்ளும். அதனால் மூலைக்கல்லுக்கு அடுத்து, ஒரு கல்லை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அந்த ஒல்லிக் கல்லைச் செருகுகிறார். அந்தப் பிளந்த கல்தான் மொத்தச் சுவரின் வரிசையையும் தள்ளிவைத்துப் பிடிமானம் தருகிறது. பார்க்கிறவர் கண்ணில் அது படாது. ஆனால் அது இல்லாமல் மூலை நிற்காது. நல்ல மாதிரிக்காரர் முதலில் செய்வது இந்த ஒல்லிக் கல்லைத் தேடுவதுதான். 0.7 மி.மீ. அகலத்தில், வரிவிட்டு ஒரு வரி, மூலைக்கு மூலை அதைக் கீறுகிறார். அதைக் கீற வேண்டுமென்றால் கொத்தனார் எந்தக் கல்லை முதலில் வைத்தார், எதை அப்புறம் வைத்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். சுவரின் தோற்றத்தை நகலெடுப்பதற்குப் பதில் அதைக் கட்டிய செயலையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜன்னலும் இப்படித்தான். தகட்டில் ஒரு சதுர ஓட்டை போட்டுப் பின்னால் கண்ணாடி ஒட்டினால், ஓட்டைக்கு மேலே உள்ள செங்கல் வரிசை அந்தரத்தில் தொங்கும். நிஜச் சுவரில் அந்த இடத்தில் ஒரு வளைவு வேண்டும், அல்லது ஒரு கல் உத்தரம் வேண்டும். கண்ணாடியும் சுவரின் முகத்தோடு ஒட்டி நிற்காது, அரைக்கல் ஆழம் உள்ளே தள்ளி நிற்கும். தாங்குவது எது, தாங்கப்படுவது எது என்று சொல்லாத சுவர், எத்தனை கல் இருந்தாலும், வால்பேப்பர்தான்.

இன்னும் ஒன்று. தெருவைப் பார்த்த முகத்துக்கு ஒழுங்காக வெந்த, விளிம்பு கூர்மையான, விலை உயர்ந்த கல். பக்கவாட்டிலும் பின்புறமும் கோணல்மாணலான மட்டக் கல். விக்டோரியா காலத்து ஆங்கிலக் கட்டடங்களில் இது சர்வ சாதாரணம். இந்த இரண்டு தரமும் சந்திக்கிற இடம் மூலைதான். முகத்துக் கல் பல்வரிசை போல் சில அங்குலம் பக்கச்சுவருக்குள் நுழைந்து முடியும், அதற்கப்புறம் மட்டக் கல் ஆரம்பிக்கும். யாருக்குக் காட்டுவதற்காகக் கட்டினார்கள், யார் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதை அந்த மூலை சொல்லிவிடுகிறது. நாலு பக்கமும் ஒரே தகட்டை ஒட்டியவர் வர்க்கத்தை அழித்துவிட்டார், தனக்குத் தெரியாமலே.

4

இனி எதிர்த்தரப்பு. 1930களில் லூகாச் எழுப்பிய கேள்வி இங்கே அப்படியே பொருந்துகிறது. விவரிப்பதா, எடுத்துரைப்பதா என்று 1936இல் எழுதிய கட்டுரையில் ஸோலாவின் குதிரைப் பந்தயத்தையும் டால்ஸ்டாயின் குதிரைப் பந்தயத்தையும் எதிரெதிரே நிறுத்தினார். ஒன்று பார்வையாளனின் எழுத்து, மற்றது பங்கேற்பவனின் எழுத்து என்பது அவர் வாதம். விவரம் குவியக் குவிய எல்லாமே ஒரே மட்டத்துக்கு வந்து மனித உறவு காணாமல் போகிறது. ப்ரெக்ட் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார். குருப் ஆலையின் போட்டோ அந்த ஆலையைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை என்று 1930களின் தொடக்கத்தில் எழுதினார். ஆலைக்குள்ளே இருக்கிற உறவுகள் போட்டோவில் விழாது.

குட்டிச் செங்கலை இந்தக் கேள்வியின் முன்னால் நிறுத்துவோம். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பென்டன் என்ற அருங்காட்சியகம் 1954இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ராய் இங்கிலண்ட். பெயர்தான் இங்கிலண்ட், வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து, 1925இல். தான் பார்த்து மயங்கிய கிராமத்து வீடுகள் ஒவ்வொன்றாக மாறுவதையும் இடிவதையும் கண்டு, அவற்றை 76இல் ஒரு பங்காகச் செய்து வைத்துவிட வேண்டும் என்று கிளம்பினார். 1920, 30களின் ஒரு பள்ளத்தாக்கு அங்கே கல் கல்லாக, ஓடு ஓடாக எழுந்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு வருடக்கணக்கில்கூட உழைத்திருக்கிறார்கள். படங்களைப் பார்த்தால் மூச்சு நின்றுபோகும். அந்த அழகு என்னையும் கட்டிப்போடுகிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்த அழகிய பள்ளத்தாக்கின் வருஷங்கள்தான் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்த 1926ஐயும், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1930களின் தொடக்கத்தையும் உள்ளடக்கியவை. சுவரில் கரி படிந்திருக்கிறது. கரி வெட்டினவன் அந்தக் காட்சிக்குள் இல்லை. மாதிரிக்காரர்கள் இதை 'வெயில்மழை ஏற்றுவது' என்கிற அர்த்தத்தில் பேசுகிறார்கள்: புகை, துரு, மழைநீர்க் கறை, பாசி. வரலாறு அழுக்காக மட்டும் அனுமதிக்கப்படுகிறது.

செங்கலின் சரித்திரத்தில் அழுக்கைத் தவிர வேறென்ன இருந்தது? 1871இல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இங்கிலாந்தின் செங்கல் களங்களில் வேலை செய்த குழந்தைகளின் அவலத்தைப் புத்தகமாக எழுதினார். தானே சிறுவயதில் அந்தக் களத்தில் கிடந்தவர். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் 40 பவுண்டுக்கு மேல் ஈரக் களிமண்ணைத் தலையில் சுமந்து நாள் முழுக்க நடந்தார்கள். அவருடைய கிளர்ச்சிக்குப் பிறகுதான் அதே 1871இல் தொழிற்சாலைச் சட்டம் செங்கல் களங்களுக்கும் நீட்டப்பட்டது. அதாவது, மிட்லண்ட் ரயில்வே லண்டனில் செயின்ட் பான்க்ராஸ் ஸ்டேஷனை 1868இல் திறந்தபோது அந்தச் சட்டம் இல்லை. ஆறு கோடி செங்கல் என்று கணக்குச் சொல்லப்படுகிற அந்த மாளிகைக்கும் பாதைக்கும் இடம் வேண்டி ஆகார் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பு தரைமட்டமாக்கப்பட்டது. பக்கத்து மயானத்தில் பிணங்களைத் தோண்டி அகற்றுவதை மேற்பார்வை செய்தவர்களில் ஒருவர், அப்போது கட்டடக்கலைப் பயிற்சியிலிருந்த இளைஞர் தாமஸ் ஹார்டி. பிறகு இருபதாம் நூற்றாண்டில் பெட்ஃபோர்டுஷயர் சூளைகளுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காதபோது, 1950களில் தெற்கு இத்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிவந்தார்கள். அங்கே ஸ்டூவர்ட்பி சூளை 2008இல் மூடப்பட்டது; இத்தாலியக் குடும்பங்கள் பெட்ஃபோர்டில் தங்கிவிட்டன.

நம் வாசகர்களுக்குச் சூளை என்றால் விளக்கம் தேவையில்லை. முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போய், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் அறுத்தும் அடைபடாத கடன். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பின்னும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் சூளைகளிலிருந்து மனிதர்களை மீட்க வேண்டியிருந்தது. எனவே 'சுவர் அழகா இருக்கு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக நம்மால் முடியாது.

ப்ரெக்ட் சொன்னது சரி என்றால், பத்தாயிரம் கல்லும் வீண்தானா? இங்கேதான் நான் தோழர்களோடு வேறுபடுகிறேன். மேற்பரப்பு பொய், உறவு மட்டுமே மெய் என்று பிரித்து வைப்பது சோம்பேறித்தனத்துக்குக் கோட்பாட்டு முலாம் பூசுவது. உறவு எங்கே இருக்கிறது? மேற்பரப்பிலேயே, ஆனால் எல்லா இடத்திலும் சமமாக அல்ல. சரக்குக் கொட்டகையின் வாசல் ஓரத்தைப் பாருங்கள். சுவர் முழுக்கச் சிவப்புக் கல்லாக இருக்க, வாசல் ஓரத்தில் மட்டும் ஸ்டாஃபோர்டுஷயரின் நீலக்கல், அதுவும் முனை மழுங்க உருட்டப்பட்டது. ஏன்? வண்டியும் தள்ளுவண்டியும் நாள் முழுக்க மோதிக்கொண்டே இருக்கும். சாதாரணக் கல் உடைந்துவிடும். அங்கே நடந்த வேலையின் வேகமும் பளுவும் அந்த மழுங்கிய முனையில் இருக்கிறது. கல்லின் அளவைப் பாருங்கள். 1784இல் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அரசு வரி போட்டது, அமெரிக்கப் போரின் கடனை அடைக்க. சிலர் கல்லைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைத்தார்கள். 1803இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி போட்டு அரசு மடக்கியது. 1850இல்தான் வரி நீங்கியது. அந்தக் காலத்துச் சுவரின் வரி உயரத்தை ஒழுங்காக அளந்து கீறுகிறவர் அரசாங்கத்தின் நிதிநெருக்கடியைக் கீறுகிறார். போட்டோவில் உறவு விழாது என்பது உண்மை. அளக்கிற கைக்கு அது அகப்படும்.

5

ஆக, விவரத்துக்கும் விவரத்துக்கும் வித்தியாசம் உண்டு. சுவரின் நடுப்பகுதியில் நிரவிக் கிடக்கிற விவரம் ஒருவகை. எத்தனை அடுக்கினாலும் அது 'நிஜம் நிஜம்' என்று கத்துமே தவிர வேறொன்றும் சொல்லாது. மூலை, வாசல் ஓரம், ஜன்னல் தலைப்பு ஆகிய இடங்களில் இருக்கிற விவரம் இன்னொரு வகை. ஒரு சுவர் இன்னொரு சுவரைச் சந்திக்கிற, ஒரு பளு இன்னொன்றின்மேல் இறங்குகிற இடங்கள் அவை. லூகாச் விவரணையை மொத்தமாகக் கண்டித்தபோது இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

நம் யதார்த்த நாவல்களை இந்தக் கண்ணோடு திரும்ப வாசித்துப் பார்க்கலாம். ஊர்த்தெரு விவரமாக இருக்கிறது: திண்ணை, முற்றம், கலியாணப் பந்தி, சமையல், நகை, பேச்சு. சேரியும் விவரமாக இருக்கிறது: குடிசை, பறை, சோறு, சாவு, பேச்சு. இரண்டு தகடும் தனித்தனியே பழுதில்லை. ஆனால் இரண்டும் சந்திக்கிற மூலை எங்கே? கூலி நெல்லை அளக்கிற படி யார் கையில் இருந்தது, எந்த இடத்தில் நின்று வாங்கினார்கள், என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், பதிலுக்கு என்ன சொன்னார்கள்? அந்தப் பத்தி வந்தவுடன் எழுத்து அவசர அவசரமாக முடிந்துவிடுகிறது, அல்லது கண்ணீராகவோ கோஷமாகவோ ஆகிவிடுகிறது. இரண்டு தகட்டையும் ஒட்டி, இடைவெளியில் மாவு போட்டு அடைத்த வேலை. கண்ணீரும் கோஷமும் அந்த மாவுதான். தலித் எழுத்து வந்தபோது நடந்த மிகப் பெரிய காரியம் புதிய விவரங்கள் வந்தது மட்டும் அல்ல. மூலை எழுதப்பட்டது. மூலை எழுதப்படும்போது ஒரு கல் பிளக்கப்பட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் அது எழுதுகிறவர் சௌகரியமாக நின்றுகொண்டிருந்த இடமாக இருக்கும்.

நிற்கிற இடம் பற்றியும் மாதிரிக்காரர்களிடம் ஒரு பழைய சர்ச்சை உண்டு. மேசையைத் தாழ்வாக அமைத்தால் மொத்த ஊரும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் கூரைதான் தெரியும், சுவர் தெரியாது. மேசையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் சுவர் தெரியும், மொத்தம் போய்விடும். சிறிதாக்கப்பட்ட பொருளில் பகுதிக்கு முன்பே முழுமை கைக்கு வந்துவிடுகிறது, அதுதான் அதன் கவர்ச்சி என்று 1962இல் லெவி-ஸ்த்ராஸ் எழுதினார். எல்லாம் தெரிந்த கதைசொல்லியின் கவர்ச்சியும் அதேதான். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு மூலை ஒரு புள்ளி. கண்மட்டத்தில் நிற்கிறவருக்குத்தான் அது இரண்டு பக்கமாகத் திரும்புகிறது.

கடைசியாக உழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, யாரும் கூலி தராமல், பத்தாயிரம் கல்லை ஒருவர் கீறுகிறார். நிஜக் கட்டடத்தில் கொத்தனாரையும் சித்தாளையும் இடுப்பொடித்த அதே அடுக்கு, அதே வரிசை, இங்கே சந்தோஷமாக இருக்கிறது. குட்டி பூர்ஷ்வா பொழுதுபோக்கு என்று சொல்லி முடித்துவிடலாம், பாதி உண்மை. ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்த சமாச்சாரம் அது. மீதிப் பாதி என்னவென்றால், கருவியும் நேரமும் செய்துமுடித்த பொருளும் செய்கிறவர் கையிலேயே இருந்தால் செங்கல் அடுக்குவதுகூட மனிதருக்குப் பிடித்த வேலைதான் என்பதற்கு இது ஒரு சின்ன சாட்சியம். வேலை கசந்தது வேலையால் அல்ல என்று மார்க்ஸ் சொன்னதை, அவரை வாசிக்காத ஒரு ஓய்வுபெற்ற ஆங்கிலேய குமாஸ்தா அட்டையும் களிமண்ணும் வைத்து நிரூபித்துக்கொண்டிருக்கக்கூடும்.

அவரிடம் நான் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: மூலையில் பிளந்த கல்லைத் தேடிக் கண்டுபிடித்த அதே கண்ணோடு, கொட்டகைக்கு வெளியே அந்தக் கல் வந்த பாதையையும் ஏன் தேடக்கூடாது? குட்டி ரயிலின் குட்டி வேகன்களில் கரி போகிறது, பால் போகிறது, செங்கலும் போகிறது. தண்டவாளம் வேறெங்கிருந்தோதான் வருகிறது. மாதிரிக்காரர்களின் மேசையில் அது ஒரு பாலத்துக்கடியில் நுழைந்து, திரைக்குப் பின்னால் மறைந்து, யாருக்கும் தெரியாத ஒரு பக்கவழியில் போய் நின்றுவிடும். கிளம்புகிற இடமும் அந்தத் திரைக்குப் பின்னால்தான். சூளை அந்தப் பக்கம் இருக்கிறது. நம் எழுத்தாளர்களிடமும் இதே கேள்விதான்.